மறுபக்கத்துக்குப் போய் வருகிறவர்

கல்யாணமான ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் போனார். பதினான்கு நாள் கழித்துச் சமையலறைச் சுவரிலிருந்து வெளியே வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, சட்டை மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது. அதன்பிறகு பதிமூன்று நாள் இருப்பதும் பதினான்கு நாள் இல்லாமல் போவதுமாக ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினார். அவர்கள் குடியிருந்தது மூன்று தளக் கட்டடத்தின் நடுத் தளம். வீடு ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசை: கிழக்கே சமையலறை, அடுத்து கூடம், அடுத்து படுக்கையறை, மேற்குக் கடைசியில் குளியலறை. வருகிற நாளில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கோடாக மட்டும் தெரிவார். மறுநாள் ரிப்பன் அகலம். மூன்றாம் நாள் ஒரு கண்ணும் பாதி மீசையும். வேலைக்குப் போனாலும் வந்தாலும் வீட்டுக்குள் அன்றன்றைக்கு அவருக்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடம் தினமும் மூன்றடி மேற்கே நகரும். ஏழாம் நாள் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, முழு அகலத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பத்தாம் நாள் படுக்கையறை. பதிமூன்றாம் நாள் மறுபடி கோடாகிக் குளியலறைச் சுவரோடு ஒட்டி நிற்பார். முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் வேலைக்குப் போக முடியாது, வெளியே போனால் காற்றில் படபடப்பார்.

இந்த மாதிரி விஷயத்துக்கு அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. ஆளுக்கு வேறெங்கோ இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று கட்டடம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவருடைய அக்கா, அதாவது அவர் மனைவிக்கு நாத்தனார், தம்பியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகப் பதிமூன்றாம் நாள் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பதினொன்றரை மணிக்குத் தம்பி, "வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவருக்குள் போனதைக் கண்ணாரப் பார்த்தாள். எழுந்து வந்து, தம்பி மனைவியிடம் குற்றச்சாட்டை மாற்றினாள்.

"எங்க வீட்ல இருந்தவரைக்கும் தம்பி ஒழுங்காத்தான் இருந்தான். நீ காலையில பூரா சூரியனைப் பார்த்துட்டு, அதே கண்ணோட வந்து அவனைப் பார்க்கற. பின்ன எப்படி இருப்பான்?"

 இருக்கலாம் என்றுதான் மனைவிக்கும் தோன்றியது. அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த சூரிய ஆய்வுக்கூடத்தில். தினமும் காலையில் தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் விழவைப்பார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக விழும். அதன்மேல் தெரிகிற கரும்புள்ளிகளை அவள் பென்சிலால் இருந்த இடத்திலேயே வரைவாள், எண்ணுவாள், அளப்பாள். மேகம் மூடினால் வெறும் வட்டம் போட்டு "மேகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மாலையில் முகமெல்லாம் சிவந்து வருவாள் என்பதால் கட்டடத்தில் அவளுக்கு வெயிலம்மா என்று பெயர். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் புள்ளிகள் கிழக்கு விளிம்பில் மெல்லிய கீற்றாக முளைத்து, நடுவுக்கு வரும்போது அகலமாகி, மேற்கு விளிம்பில் மறுபடி கீற்றாகி மறையும். பதிமூன்று நாள் தெரியும், பதினான்கு நாள் தெரியாது. ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒரு நாட்காட்டி உண்டு. அதில் ஒரு வரிசைக்கு ஏழு நாள் கிடையாது, இருபத்தேழு நாள். கணவர் இரண்டாம் தடவை திரும்பி வந்த அன்று, அந்த நாட்காட்டி முன்னால் நின்றவள் விரலை வைத்து எண்ணினாள். பிறகு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

தெரிந்துபோனதால் நிம்மதி வந்தது என்று சொல்ல முடியாது. புள்ளிகளுக்கு நீண்ட ஆயுள் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். சின்னது இரண்டு நாளில் கலைந்துவிடும். பெரியது மறுபக்கம் போய் ஒரு தடவை திரும்பும், இரண்டு தடவை திரும்பும். கணவர் பேச்சை எடுக்காமல், ஒரு சந்தேகம் போல, ஒரு புள்ளி எத்தனை சுற்று தாங்கும் என்று தலைமை விஞ்ஞானியிடம் கேட்டாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அஞ்சு சுத்துக்கு மேல எதுவும் தாங்காதும்மா. போனா போனதுதான். அது மேல ஆசை வெக்காத," என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அன்று மதியமே நாட்காட்டியில் ஐந்தாவது சுற்றின் தேதியைத் தேடிக் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது சுற்றில் அவர் சுவருக்குள் போனபோது அவள் ஆய்வுக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினான்கு நாளும் சமையலறையிலேயே இருந்தாள். பதினான்காம் நாள் காலையில் சிலிண்டர் பக்கத்தில் கோடு தெரிந்தது. "பசிக்குது," என்றது கோடு. அதன்பிறகு ஆறாவது, ஏழாவது, முப்பதாவது என்று போய்க்கொண்டே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசியோ என்கிற பயம் அவளை விட்டுப் போகவில்லை.

லிஃப்ட் கம்பெனி முதலில் அவரை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தது, பிறகு நிறுத்தவில்லை. காரணம் அவர் விரல்களில் திருகாணிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர் கையிலிருந்து ஒரு நட்டுகூடக் கீழே விழாது என்றால் எந்தக் கம்பெனி விடும்? முறை மாற்றி, ஒன்பது நாள் பணி, பதினெட்டு நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவள் ஒரு திசைகாட்டி வைத்திருந்தாள். அதன் சிவப்பு முனை அவர் எங்கே உட்கார்ந்தாலும் அவர் பக்கம் திரும்பி நிற்கும். சூரியப் புள்ளி சுற்றியிருக்கும் இடத்தைவிடக் குளிர்ச்சியானது, அவரும் அப்படித்தான். கோடைக்காலத்தில் அவர் எழுந்து போன நாற்காலியில் பூனைகள் வந்து படுத்தன.

அவருடைய கோபம்தான் விசித்திரம். ஏதாவது சண்டை என்றால் அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். எட்டு நிமிடம் கழித்து முகம் சிவக்கும், பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கும். வார்த்தை வந்து சேர இரண்டு நாள் ஆகும். திங்கட்கிழமை அவருடைய தாய்மாமனைப் பற்றி அவள் ஏதோ சொல்லியிருப்பாள், புதன்கிழமை ராத்திரி பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, "எங்க மாமாவைப் பத்திப் பேச உனக்கு என்ன இருக்கு?" என்று வெடிப்பார். விளக்குகள் மங்கும். கட்டடத்து லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நிற்கும், அவரே போய் அதைச் சரி செய்துவிட்டு வருவார். முகம் சிவக்கிற நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, வார்த்தை வருகிற நேரத்தை அவள் முன்கூட்டியே கணக்குப் போடக் கற்றுக்கொண்டாள். முதலில் அரை நாள் முன்னே பின்னே இருந்தது, போகப்போக ஒரு மணி நேரம்தான் பிசகியது. அந்த நேரத்துக்கு அவள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவருக்குப் பிடித்ததாக ஏதாவது செய்து முன்னால் வைத்துவிடுவாள்.

இந்தக் கணக்கைத்தான் அவள் ஆய்வுக்கூடத்திலும் போட்டாள். சூரியனில் வெடித்தால் வெளிச்சம் எட்டு நிமிடத்தில் வந்துவிடும், புயல் வர இரண்டு மூன்று நாள் ஆகும்; அந்தப் புயல் பூமிக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று எழுதி ஒட்டினாள். விமானக் கம்பெனிகளும் மின்சார நிலையங்களும் செயற்கைக்கோள் ஓட்டுகிறவர்களும் அவள் சீட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நான்கு வருஷத்தில் விண்வெளி வானிலைப் பிரிவு என்று தனியாக ஓர் அறை வந்தது. அதில் அவள்தான் பொறுப்பாளர். எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்கள் என்று கூட்டங்களில் கேட்டார்கள். "பழக்கம்தான்," என்றாள்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் கூடத்தின் நடுவில் இருந்த நாள் அது.

"அங்கயும் நம்ம வீடுதான். இதே அடுப்பு, இதே பாத்ரூம் குழாய், அங்கயும் ஒழுகுது. நீ மட்டும் இல்ல."

"நான் இங்கதானே இருக்கேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? பதிமூணாம் நாள் நீ ஒரு கோடு மாதிரி ஆயிடற. அப்புறம் காணோம். நான் பாட்டுக்கு உக்காந்து இன்னிக்கு வருவா, நாளைக்கு வருவான்னு பார்த்துட்டு இருக்கேன்."

தான் மறைந்துபோகிறவள் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை. அன்றிலிருந்து அவர் இல்லாத நாட்களிலும் தலையைச் சீவிப் பளிச்சென்று இருந்தாள்.

அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் வழி தற்செயலாகக் கிடைத்தது. அவர் மறுபக்கம் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைதவறி ஒரு கரண்டி சுவரில் பட்டு விழுந்தது. சத்தம் கட்டடத்துக்குள் ஓடி, எங்கெங்கோ மோதித் திரும்பி வந்ததை அவள் கேட்டாள். ஓரிடத்திலிருந்து மட்டும் அது ஒரு கண்ணிமைப்புக்கு முன்னாலேயே வந்துவிட்டது போல இருந்தது. மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்தாள். நெஞ்சு உயரத்தில், சுவர் நெடுக, ஒரு சாண் இடைவெளியில் கரண்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். ஒரு தட்டில் ஒன்றும் தெரியாது. ஓர் இடத்துக்கு முந்நூறு தட்டு தட்டிச் சராசரி எடுக்க வேண்டும். மூன்று நாள் தட்டிய பிறகு, படுக்கையறைச் சுவரில் ஒரே ஓர் இடத்தில் சத்தம் சீக்கிரமாகத் திரும்பியது. நாளைக்கு நாள் அந்த இடம் மூன்றடி நகர்ந்தது. இந்தச் சுவருக்கு நேர் எதிரே, மறுபக்கத்தில் இருக்கும் அதே வீட்டில், அவர் உட்கார்ந்திருக்கிறார். பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போட்டுத் தேதி எழுதினாள். பிறகு அந்த இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

சூரியனும் மணி மாதிரி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பதுதான். அந்த அதிர்வு உள்ளே புகுந்து மறுபக்கம் போய்த் திரும்பி வரும். மறுபக்கத்தில் புள்ளி இருந்தால் சில நொடிகள் முன்னாலேயே வரும். வீட்டுச் சுவரில் செய்ததை அவள் சூரியனுக்குச் செய்து காட்டினாள். இன்னும் திரும்பி வராத புள்ளியை, வருவதற்கு ஒரு வாரம் முன்பே, இந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்தாள். வந்தபோது சரியாக இருந்தது. அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் அவளுக்கு டாக்டர் பட்டமும் துணைத் தலைவர் பதவியும் வந்தன. கட்டுரையை வாசித்த கூட்டத்தில், கைதட்டல் எல்லாம் ஓய்ந்ததும் ஒருவர் எழுந்து, முதலில் இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று தெரியாவிட்டால் கதவைத் தட்டுவோம் இல்லையா, அப்படித்தான் என்றாள். நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

மேல் தளத்தில் ஒரு டைப்பிங் டீச்சர் தனியாகக் குடியிருந்தார். ஓய்வுபெற்றவர், முழங்கால் வலிக்காரர், அடிக்கடி நின்றுபோகிற லிஃப்டை நம்பாதவர், காது மட்டும் பாம்புக் காது. தட்டுகிற சத்தம் தாங்காமல் மாதம் ஒருமுறை படியிறங்கி வந்து நிற்பார்.

"ஏம்மா, எத்தனை வருஷமாத்தான் தட்டுவ? உள்ள இருக்கறவங்க திறக்க மாட்டேங்கறாங்கன்னா விட்டுடேன்!"

"இன்னும் நாப்பது தட்டுதான் டீச்சர்."

"நாப்பதா? நீ தட்டறதுல தாளமே இல்ல. ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா. என் கிளாஸ்ல இருந்தா முதல் நாளே வெளிய அனுப்பியிருப்பேன்."

இப்படி ஒன்பது வருஷம். அவருக்குக் காதோரம் நரைத்தது, அவளுக்குப் படிக்கக் கண்ணாடி வந்தது. சூரியனில் புள்ளிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வந்தன. அது அப்படித்தான், பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை ஏறும், இறங்கும், அடிமட்டத்தில் சூரியன் துடைத்துவைத்த தட்டு மாதிரி ஆகிவிடும். வீட்டிலும் அவருடைய கோபம் குறைந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ தெளிவாகப் பாடியது. திருகாணிகள் விரலில் ஒட்டாமல் நழுவ ஆரம்பித்தன. திசைகாட்டி முள் யோசித்து யோசித்துத்தான் அவர் பக்கம் திரும்பியது. கடைசிச் சுற்றில், ஏழாம் நாள்கூட, அவர் முழு அகலத்துக்கு வரவில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தது. பதிமூன்றாம் நாள் குளியலறையில் நின்றபோது, பின்னால் இருந்த ஓடுகளின் கோடுகள் அவர் வழியாகத் தெரிந்தன.

"மோட்டாருக்கு எண்ணெய் விடச் சொல்லி மூணாவது பில்டிங் வாட்ச்மேன்கிட்ட சொல்லிடு. மறந்துட்டேன்," என்றார்.

"சொல்றேன். நீங்க போயிட்டு வாங்க."

"வரேன்."

பதினான்காம் நாள் சிலிண்டர் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்தாம் நாளும் இல்லை. அவள் சுவரைத் தட்டினாள். கிழக்கிலிருந்து மேற்கு வரை, நெஞ்சு உயரத்தில், ஓர் இடம் விடாமல் தட்டினாள். எல்லா இடத்திலிருந்தும் சத்தம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. ஒரு சுற்று முடிந்தது, இரண்டு சுற்று முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் சூரியன் வெறும் வட்டமாக விழுந்தது. மேகம் இல்லாத நாளில் அவள் வெறும் வட்டம் வரைந்து, பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏழு மாதம் பூஜ்யம். புயலே இல்லாததால் விமானக் கம்பெனிகள் அவளுக்கு ஃபோன் செய்வதை நிறுத்தியிருந்தன. டைப்பிங் டீச்சரும் புகார் சொல்ல வரவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் தினமும் கேட்டது.

நாத்தனார் வந்தாள். இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. வந்ததும் சமையலறைக்குப் போய் சிலிண்டர் பக்கத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு. இந்த மாதிரி ஏழு மாசம் கழிச்சுத் திரும்பினது ஏதாவது உண்டா? உன் படிப்புல?"

"இல்ல அக்கா."

"அப்புறம் எதுக்கு இங்க தனியா கிடந்து செவுத்தத் தட்டிக்கிட்டு இருக்க? எங்க வீட்ல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. உன்ன நான் திட்டமாட்டேன். திட்டினாலும் பக்கத்துல இருந்து திட்டுவேன். வா."

அவள் மூன்று நாள் யோசித்தாள். விஞ்ஞானம் தெரிந்தவளுக்கு யோசிக்க அதிகம் இல்லை. அடிமட்டத்தைத் தாண்டி எந்தப் புள்ளியும் வந்தது கிடையாது. வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு லாரி பேசினாள். பாத்திரங்களையும் புத்தகங்களையும் அட்டைப்பெட்டியில் கட்டினாள். அவருடைய சட்டைகளை மட்டும் எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் மேலேயே விட்டிருந்தாள்.

புதன்கிழமை காலை, காகிதத்தில் விழுந்த சூரியனில், நடுவுக்கு வெகு மேலே, ஒரு துளி அழுக்கு தெரிந்தது. முந்தின நாளும் தெரிந்திருந்தது. காகிதத்தில் இருக்கும் நார் என்று நினைத்து அவள் அதை வரையாமல் விட்டிருந்தாள். லென்ஸ்களைத் துடைக்கிற ஆளுக்குப் பஞ்சு என்று பெயர், எப்போதும் கையில் பஞ்சு இருக்கும். முப்பது வருஷமாக அந்தத் தொலைநோக்கியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அவனைக் கூப்பிட்டு லென்ஸில் தூசி இருக்கிறது, துடை என்றாள். அவன் போய்த் துடைத்துவிட்டு வந்தான். அழுக்கு அங்கேயே இருந்தது. இன்னொரு தடவை துடை என்றாள். பஞ்சுவுக்கு முகம் மாறிவிட்டது.

"மேடம், என் லென்ஸ்ல தூசி இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல. நேத்து எங்க இருந்தது சொல்லுங்க?"

"இதே இடத்துலதான்."

"இதே இடம் இல்ல. நேத்து இங்க இருந்தது. இன்னிக்கு அரை விரக்கடை தள்ளி இருக்கு. தூசி எங்கயாவது நடந்து போகுமா? நீங்கதான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீங்க."

அவள் குனிந்து பார்த்தாள். நகர்ந்திருந்தது. புள்ளிதான், எள்ளில் பாதி அளவு. இவ்வளவு உயரத்தில் யார் தேடுவார்கள் என்று அவள் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு புதுப் பயிற்சியாளருக்கும் கரும்பலகையில் அவள் எழுதிப் போட்ட பாடம் ஒன்று உண்டு. பழைய பதினொரு வருஷச் சுழற்சியின் புள்ளிகள் வருஷா வருஷம் கீழே இறங்கி, கடைசியில் சூரியனின் இடுப்பருகே தீர்ந்துபோகும். அடுத்த சுழற்சி இடுப்பில் ஆரம்பிக்காது. மேலே, உச்சிக்குப் பாதி வழியில், யாரும் பார்க்காத இடத்தில் ஆரம்பிக்கும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வீட்டில் ஏழு மாதமும் நெஞ்சு உயரத்திலேயே தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். "பஞ்சு, இன்னிக்குப் படத்தை நீ போட்டுக் கையெழுத்துப் போடு," என்று சொல்லிவிட்டு, பகல் பத்தரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள். படத்தை வரைய இன்னொருவர் கையில் அவள் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மேசை மேல் நாற்காலியைப் போட்டு ஏறிக் கூரையை ஒட்டித் தட்டிப் பார்த்தாள். அங்கேயும் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில்தான் திரும்பியது, இன்னும் மேலே போக வேண்டும் என்று தெரிந்தது. கரண்டியும் ஸ்டாப்வாட்ச்சுமாகப் படியேறி மேல் வீட்டுக் கதவைத் தட்டினாள். டைப்பிங் டீச்சர் கதவைத் திறந்து, கையில் கரண்டியைப் பார்த்தார்.

"என் செவுத்தையுமா?"

"ஒரே ஒரு நாள் டீச்சர். நாளை மறுநாள் நான் காலி பண்றேன். அதுக்கப்புறம் சத்தமே இருக்காது."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். வழியை விட்டார். சமையலறையில் ஆரம்பித்து, கூடத்துச் சுவர் வரை வந்து, அங்கே அவளுக்குக் கை ஓய்ந்தது. எண்ணிக்கையும் தவறியது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் எழுந்து வந்து கரண்டியை வாங்கினார்.

"நீ காதை வை. தட்டறது நான் தட்டறேன். ஆயிரம் பொண்ணுங்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்த கை இது."

டீச்சரின் தட்டு ஒன்றுபோல விழுந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. படுக்கையறைச் சுவரில், அலமாரிக்குக் கொஞ்சம் இந்தப்புறம், நூற்று எண்பதாவது தட்டில் அவள் கையை உயர்த்தினாள். மறுபடி தட்டச் சொன்னாள். முந்நூறும் முடிந்த பிறகு காகிதத்தில் கூட்டி வகுத்தாள். அந்த இடத்தில் சத்தம் சீக்கிரமாகத் திரும்பி வந்திருந்தது. மிகச் சின்ன வித்தியாசம்தான். அவள் அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதன் கீழே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. டிரைவர் அட்டைப்பெட்டிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏத்தணுமா வேணாமாம்மா? ஒரு முடிவு சொல்லுங்க," என்றார். ஏற்ற வேண்டாம், ஒரு மாடி மேலே தூக்கி வைத்துவிட்டு, மேல் வீட்டுச் சாமான்களைக் கீழே இறக்கி வைத்தால் போதும் என்றாள். டீச்சருக்கு முழங்கால் வலிக்குக் கீழ் வீடு வசதிதான். முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அன்று மாலைக்குள் இரண்டு வீடும் இடம் மாறிவிட்டன. நாத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். நாத்தனார், காலி அறையைப் பூட்டிவிட்டு, ஒரு வாரத்துக்குத் துணியோடு தானே வந்து சேர்ந்தாள்.

அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, மேல் தளத்துச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கோடு தெரிந்தது. நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். "ஏய், இங்க வந்து பாரு! தம்பி வந்துட்டான்! சுண்ணாம்புக் கோடுன்னு நெனச்சு ஈரத்துணியால துடைக்கப் பார்த்தேன்!" என்று கத்தினாள். கீழ் வீட்டிலிருந்து டீச்சர், முழங்காலையும் மறந்து, படியேறி வந்துவிட்டார். மூன்று பெண்கள் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது கோட்டுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் கண்ணும் மீசையும் தெரிய ஆரம்பித்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. முதலில் தெரிவது எப்போதும் வலது கண், இப்போது இடது கண் முதலில் வந்தது. தலை வகிடு மறுபக்கம் இருந்தது. இடது கையால் பேனா பிடித்தார். திசைகாட்டியை அருகில் கொண்டுபோனாள். சிவப்பு முனை அவரை விட்டு விலகி ஓடியது. வெள்ளை முனை துள்ளிக்கொண்டு அவர் பக்கம் திரும்பி நின்றது. பழைய நாட்களைவிட வேகமாகத் திரும்பியது. ஒவ்வொரு சுழற்சிக்கும் சூரியக் காந்தத்தின் வடக்கும் தெற்கும் இடம் மாறும் என்பது அவளுடைய பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். இருந்தாலும் அவள் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பழைய சுழற்சியின் புள்ளி புதிய சுழற்சியில் வராது என்பதும் அதே புத்தகத்தில்தான் இருந்தது.

ஏழாம் நாள் அவர் கூடத்தின் நடுவில் முழு அகலத்தில் வந்து சேர்ந்தார். சட்டை சரியாக இருந்தது. அந்த வீட்டையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வாட்ச்மேன்கிட்ட எண்ணெய் விடச் சொன்னது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா கையெல்லாம் மாறிக் கிடக்கு. நான் உன் புருஷன்தானா, இல்ல வேற யாராவதா? நீ படிச்சவ, சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பழக்கம் இல்லாதவள் அவள்.

"எங்க ஆஃபீஸ்ல ஒரு வழக்கம் இருக்குங்க. மறுபக்கம் போயிட்டு வர்ற எதுக்கும் பழைய நம்பர் தர மாட்டோம். அதே புள்ளின்னு நல்லாத் தெரிஞ்சாக்கூட, புது நம்பர்தான். ஒவ்வொரு தடவையும்."

"அப்ப இத்தனை வருஷமா?"

"ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் எழுதிக்கிட்டேன்."

அவர் அதை மனதில் போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். எட்டு நிமிடம் கழித்து முகம் சிவந்தது. கோபத்தில் இல்லை. கீழே டீச்சர் வீட்டு ரேடியோ கரகரத்தது. டீச்சர் கரண்டியால் கூரையைத் தட்டினார், சீரான தாளத்தில்.

வாட்ச்மேன் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுவிட்டதாக அவள் சொன்னாள். உயரமான இடத்தில் சுற்று கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும் என்பதால், இனி இருபத்தேழு அல்ல, இருபத்தெட்டரை நாள் கணக்கு என்று லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். அவர்கள் முறையைத் திருத்திக்கொண்டார்கள். அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கல்யாணமான நாளிலிருந்து சர்க்கரை போடாமல் குடித்தவர், ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இடது கையால் சர்க்கரை டப்பாவைக் காட்டினார். ஒன்றா, இரண்டா என்று அவள் கேட்டாள். இரண்டு என்றார். போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு, நாத்தனாருக்கும் ஒரு டம்ளர் எடுத்துவர உள்ளே போனாள்.